பாட்டு செட்டை மாற்றிக்கொண்டே இருப்பதை எங்கே நிறுத்துவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 56. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் 28 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். சிறு வயதில் அப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்த டேப் ரிக்கார்டரில் தொடங்கிய பாட்டுப் பித்து இன்றும் குறையவில்லை. முதலில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்ப்ளிஃபையர், பிறகு ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டர், அதைக் கொடுத்துவிட்டு இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும் 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும், கடைசியாகத் தனி டி.ஏ.சி. (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற மின்சைகையாக மாற்றும் பெட்டி) என்று மாற்றி மாற்றி வந்துவிட்டேன். ஆனாலும் சில பாட்டுகளில் பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) குமுறுகிறது. வேறு சிலவற்றில் பேஸ் இருப்பதே தெரியவில்லை. 100 வாட் ஆம்ப்ளிஃபையரும் நல்ல ஸ்பீக்கர் கேபிளும் போட்டால் பேஸ் இறுகிவிடும், 72,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். எங்கள் ஹால் 12க்கு 10 அடி. இத்தோடு போதும் என்கிறார் மனைவி. எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியவில்லை. – ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்த 72,000 ரூபாயைச் செலவழிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறை உண்மையானது. உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் குறை ஆம்ப்ளிஃபையரிலும் இல்லை, வயரிலும் இல்லை. உங்கள் ஹாலின் நான்கு சுவர்களுக்குள் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்களைப் போலவே பாட்டின் மீது உண்மையான பற்றுள்ளவர்கள்தான் இந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

சென்னை வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். உங்கள் ஹாலின் 12 அடி நீளத்தில், ஒன்றுக்கொன்று எதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது, சுமார் 48 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 48 அதிர்வு) அதிர்வெண்ணில் அது தன்னைத்தானே பலப்படுத்திக்கொண்டு தேங்கி நிற்கும். 10 அடி அகலத்தில் அதே காரியம் 57 ஹெர்ட்ஸ் அளவில் நடக்கும். 48 ஹெர்ட்ஸ் என்பது பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டையை ஒட்டிய சுரம். அந்தச் சுரம் அடிக்கடி வருகிற பாட்டு உங்கள் வீட்டில் குமுறும். அதற்குச் சற்று மேலோ கீழோ பேஸ் நடக்கிற பாட்டு மெலிந்து கேட்கும். ‘சில பாட்டில் குமுறுகிறது, சிலவற்றில் காணவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்கு எழுதிவைத்த அடையாளம் போல இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் கோளாறு என்றால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரிதான் கெட்டிருக்கும்.

இதை இன்று மாலையே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். குமுறுகிற பாட்டை ஓடவிட்டு, ஹாலின் ஒரு மூலையில் போய்க் குந்தி உட்காருங்கள். பேஸ் நெஞ்சில் இடிக்கும். அங்கிருந்து எழுந்து மெதுவாக ஹாலின் நட்ட நடுவுக்கு நடந்து வாருங்கள். அதே பாட்டு, அதே வால்யூம், ஆனால் பேஸ் பாதியாகக் கரைந்திருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் எட்டடி தூரத்தில் இவ்வளவு மாற்றம் உண்டாகிறது என்றால், ஆம்ப்ளிஃபையரை மாற்றிப் பெறப்போகிற மாற்றம் அதன் பக்கத்தில்கூட வராது.

நம் பகுதி வீடுகளில் பெரும்பாலும் சோபாவோ திவானோ பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும், ஸ்பீக்கர்கள் டி.வி. ஷோகேஸின் இரண்டு ஓரங்களிலும் சுவரோடு சுவராக அடைந்திருக்கும். பாட்டு கேட்கிறவரும் பாட்டைத் தருகிற பெட்டியும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்திருந்தால் அது பேஸுக்கு மிக மோசமான அமைப்பு. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னுக்கு இழுங்கள், மூலையிலிருந்தும் விலக்குங்கள். நீங்கள் உட்காரும் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். ட்வீட்டர் (பெட்டியில் உச்ச சுரங்களைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) உங்கள் காதின் உயரத்துக்கு வரவேண்டும். பாட்டு கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இப்படிச் செய்துவிட்டுப் பிறகு பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டாலும் வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இராது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டின் முன்போர்ஷனில் குடியிருந்தபோது இதே குமுறலுக்காக நான்கு ஆண்டுகளில் மூன்று ஆம்ப்ளிஃபையர் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கடையில் கேட்டபோது சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். மூன்றாவதைத் தவணையில் வாங்கியிருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டி பீரோவையும் கட்டிலையும் இடம் மாற்றியபோது, ஸ்பீக்கர்களை வேறு வழியில்லாமல் நீளச் சுவரின் பக்கம் நிறுத்த வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு வாசனை போகாத அந்த அறையில் அன்று இரவு பாட்டைப் போட்டேன். அதுவரை ஒவ்வொரு பேஸ் அடிக்கும் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்த பீரோவின் கைப்பிடி அசையாமல் இருந்தது. மிருதங்கத் தொப்பியின் கும்காரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகக் கேட்டது. இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கியிருந்தது. அந்த மூன்று கடைக்காரர்களில் ஒருவர்கூட ‘உங்கள் அறை எவ்வளவு பெரியது, ஸ்பீக்கர் எங்கே வைத்திருக்கிறீர்கள்’ என்று என்னைக் கேட்கவில்லை என்பது இன்றுவரை மனத்தில் உறுத்துகிறது. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அறையைப் பற்றிக் கேட்காமல் பெட்டியை விற்க வருகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இடம் மாற்றிய பிறகும் 48 ஹெர்ட்ஸ் அருகே கொஞ்சம் மேடு மிஞ்சினால், ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பு) அந்த ஒரு இடத்தை மட்டும் குறுகலாக 4 அல்லது 5 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறையுங்கள். குறைப்பது பலன் தரும்; ஆனால் பேஸ் காணாமற்போகிற பள்ளத்தை ஈக்வலைசரில் ஏற்றி நிரப்ப முயலாதீர்கள், அது ஸ்பீக்கரைத்தான் வருத்தும். கம்பளமும் கனமான திரைச்சீலையும் குரலின் எதிரொலியையும் தாளக் கருவிகளின் கூச்சலையும் அடக்குமே தவிர, இவ்வளவு தாழ்ந்த பேஸை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி அந்த 100 வாட் பற்றி. வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். கேட்பதற்கு ‘கொஞ்சம் ஏறியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தருகிற சாதாரணச் சிறிய ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டால், நிதானமான சத்தத்தில் உங்கள் ஆம்ப்ளிஃபையர் சராசரியாக அரை வாட்கூடக் கொடுக்காது. முழக்கம் எழும் கணத்தில் 20 வாட் வரை போகும். கையில் இருக்கும் 50 வாட்டே மிச்சம். கேபிள் விஷயத்துக்கு ஒரு வரி போதும்: எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மூன்று மீட்டரின் மின்தடை, போக வரச் சேர்த்து, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல.

கடையில் மட்டும் வித்தியாசம் ஏன் தெரிகிறது என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, இரண்டு செட்டில் ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலும் நம் காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளாமல் ‘தெளிவு அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளும். மற்றொன்று கண். ஒலியியல் அறிஞர் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்தபோதும், கண்ணால் பார்க்கும்படி வைத்தபோதும் அனுபவமிக்கவர்களே வேறு வேறு மதிப்பெண் கொடுத்தார்கள். பெட்டியின் அளவும் விலையும் பெயரும் காதுக்கு முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டன. இதை அறிந்துகொண்ட பிறகாவது, எந்தப் புதுப்பொருளையும் வீட்டில் வைத்துக் கண்ணை மறைத்துச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து, இரண்டு ஆம்ப்ளிஃபையர்களிலும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைச் சமன் செய்யுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றி இணைக்கட்டும். பதினாறு முறை கேட்டு, எது எது என்று தாளில் குறியுங்கள். பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். எட்டு, ஒன்பது என்று வந்தால் காசைச் சுண்டிப் போட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம். 28 ஆண்டுகள் லேத் பட்டறை இரைச்சலில் நின்றவர் நீங்கள். இரைச்சலால் வருகிற செவித்திறன் குறைவு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதலில் தலைகாட்டும். குரலின் தெளிவும் தாளத்தின் கூர்மையும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. வயதின் காரணமாக 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மங்குவது அதற்கு மேல். ஸ்பீக்கர் ‘மந்தமாக’ இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் தோன்றியிருந்தால், அதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓர் ஆடியோகிராம் (எந்தச் சுரம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் செவித்திறன் சோதனை) எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் எந்தக் கருவியை வாங்குவது வீண் என்பதைக் கடைக்காரரைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எங்கே நிறுத்துவது? எந்தப் பாட்டில், எந்த இடத்தில், என்ன குறை என்று வாங்கப் போவதற்கு முன்பே ஒரு தாளில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடிந்தால், அந்தக் குறை எதனால் வருகிறது என்று தேடி, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். எழுத முடியவில்லை, ஆனாலும் புதிதாக ஒன்று வேண்டும் போலிருக்கிறது என்றால் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். குறை பாட்டிலேயே இருப்பதும் உண்டு. பழைய மோனோ ஒலிப்பதிவில் வயலின்கள் அனைத்தும் ஒரே புள்ளியிலிருந்துதான் வரும். அப்படித்தான் அது பதிவானது, எந்தக் கருவியாலும் அவற்றை விரித்து உட்கார வைக்க முடியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகிற வீட்டில், 50 டெசிபெல் ஓசை எழுப்புகிற மின்விசிறியின் கீழே உட்கார்ந்து கேட்கும்போது, பாட்டின் மிக மெல்லிய பகுதிகள் அந்த ஓசைக்கு அடியில்தான் கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் விசிறியை ஒன்றில் வைத்து, சாலைப் பக்கத்து ஜன்னலை மூடிக் கேட்டுப் பாருங்கள். செட்டை மாற்றாமலே ஒரு படி மேலே போனது போலிருக்கும்.

என் கணிப்பில் உங்கள் செட்டு நின்றுவிட வேண்டிய நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. உங்கள் மனைவி சொன்னது சரி.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். சி.டி. தரத்தைவிட உயர்ந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுகளுக்காக விலை உயர்ந்த டி.ஏ.சி. வாங்க நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். அவசியமா? – ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அவசியமில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுப்பதால் 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாகத் தாங்கும். மனிதக் காதின் எல்லை இளம் வயதிலேயே 20,000தான். 16 பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளியைத் தரும். உங்கள் அறையின் ஓசைக்கு மேலே அவ்வளவையும் கேட்க முயன்றால் காதுதான் போகும். பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர ஒலியை அப்படியேயும், சி.டி. தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியான விடை வந்தது. அதாவது பாதிக்குப் பாதி. அதே பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். செட்டில் மிகப் பெரிய வித்தியாசத்தைத் தருவது அதுதான். நல்ல முறையில் ஒலிக்கலவை செய்யப்பட்ட பாட்டு எந்தத் தரத்திலும் நன்றாகவே இருக்கும், கசக்கிப் பிழிந்து சத்தம் ஏற்றப்பட்ட பாட்டு 192 கிலோஹெர்ட்ஸிலும் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: அப்பா இருபது ஆண்டுகளுக்கு முன் ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர்கள், இப்போது சத்தம் வைத்தால் கரகரக்கின்றன. கடற்கரைக்கு அருகில் இருப்பதால் எல்லாம் உப்பரித்துவிடும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறார்கள். அப்பா இல்லாத வீட்டில் அவற்றைப் போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, காசிமேடு

பதில்: போட வேண்டாம், அம்மா. முதலில் கரகரப்பு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அது ஆம்ப்ளிஃபையரின் குமிழுக்குள் படிந்த அழுக்கு. மெக்கானிக்கிடம் காண்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொன்னால் சரியாகிவிடும். ஸ்பீக்கரின் பின்னால் வயர் சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தால், வயரின் நுனியை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பைச் சீவி மாட்டுங்கள், முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். காசிமேட்டுக் காற்றுக்கு இதை ஆண்டுக்கு ஒரு முறை செய்தாக வேண்டும்.

பேஸ் வரும்போது மட்டும் கரகரத்தால், முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி, வூஃபரின் (பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பு வடிவக் கோனைச் சுற்றி வளையமாக இருக்கும் பகுதியை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். அது ஃபோம் வளையமாக இருந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இற்றுப்போயிருக்கும். தொட்ட இடம் பழைய கேக் போல உதிர்ந்து, விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். பார்க்க மனம் பதறும், ஆனால் ஸ்பீக்கருக்கு வந்த மரணமல்ல அது. கோனும் காந்தமும் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். மாற்றுவதற்கு முன் இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை இல்லாமல் போய் வந்தால் உள்ளேயிருக்கும் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) நலமாக இருக்கிறது. உரசினால் காயிலையும் மாற்ற வேண்டியிருக்கும், செலவு கூடும்.

ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் கோன் மாற்றித் தருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ‘ரப்பர் போட்டால் உழைக்கும்’ என்று சொல்வார்கள். உழைக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் கனமும் விறைப்பும் கூடியது, அப்பா கேட்ட ஓசை மாறிவிடும். அதே அளவில் ஃபோம் வளையம்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள், இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே நாளில் மாற்றச் சொல்லுங்கள். பசை காய ஒரு முழு நாள் விடவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும், மைனஸைக் கறுப்பு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே வரவேண்டும். இரண்டிலும் அப்படியே வந்தால் இணைப்புச் சரி. ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால், உள்ளே போன ஸ்பீக்கரின் வயர்களை மாற்றிப் போட்டுவிட்டு, அப்பா வழக்கமாக வைக்கிற சத்தத்தில் பாதியில் தொடங்குங்கள்.